இடியுமுன் கேட்போம்



2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலை குஜராத்தில் நிலம் நடுங்கிற்று. அடிபட்டோர் ஓடிச் சேரவேண்டிய புஜ் நகர அரசு மருத்துவமனையே இடிந்து வீழ்ந்தது. நோயாளிகளும் பணியாளர்களும் அதிலேயே மாண்டனர். காயமுற்றோருக்குத் திறந்த வெளியில் சிகிச்சை செய்ய நேர்ந்தது. பொருள் படைத்தவர் வேறோர் ஊர் தேடிச் செல்வர். ஏழைக்கு அரசு மருத்துவமனையன்றிப் புகலிடம் ஏது?

ஆபத்தை முன்கூட்டியே அளந்தறிய வழி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடு மூன்றினை ஆராய்கிறது. தூணும் சுவரும் தாங்குமா? மின்சாரமும் குடிநீரும் பிராணவாயுவும் தடையின்றிக் கிடைக்குமா? ஆபத்து வேளையில் யார் எப்பணி செய்வதென்று ஊழியர் அறிவரா?

கட்டடத்தை வலுப்படுத்தப் பெரும்பொருள் வேண்டும். ஆனால் மருந்து அலமாரியைச் சுவரோடு பிணைக்கச் சில திருகாணிகள் போதும். வெள்ளம் ஏறாத மேட்டில் ஜெனரேட்டரை வைக்க முன்யோசனை போதும். ஒத்திகைக்கு ஒரு பிற்பகல் போதும். தேர்வன்று புத்தகம் தேடும் மாணவன் தேர்ச்சி பெறுவதில்லை.

புஜ்ஜில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளின்மீது புதிய மருத்துவமனை எழுப்பப்பட்டு 2004இல் திறக்கப்பட்டது. அப்பாடத்துக்குக் கொடுத்த விலை மனித உயிர்கள்.

இளைஞர்களே! நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். இக்கேள்விகளைப் பணிவுடன், ஆயினும் அஞ்சாது கேளுங்கள். விடை கிடைக்காவிடில் எழுத்து மூலம் கேளுங்கள். நீங்கள் கற்ற கல்வி அதற்கும் உதவட்டும்.