காது மெஷினும் மெஷின் பாட்டும்

வீடு மாத்தப் போறேன்னு போன எபிசோட்ல சொல்லியிருந்தேன். மாத்தியாச்சு. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என்கிட்ட இருந்த ரெக்கார்டு 140. கவரோட சேர்த்தா ஒரு எல்.பி. கிட்டத்தட்ட கால் கிலோ வரும், மொத்தம் 35 கிலோன்னு வச்சுக்கோங்க. தூக்கிட்டு வந்த அண்ணன் ரெண்டாவது மாடியில பெட்டிய இறக்கி வச்சுட்டு, "என்னக்கா உள்ள, டைல்ஸா?"ன்னு கேட்டார். பாட்டுன்னு சொன்னேன். என்ன ஒரு மாதிரி பாத்தார்.

புது வீட்டுல ஒரே ஒரு அலமாரிதான். பாதியாவது வெளிய போகணும். எதை விக்கிறது, எதை வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ண ஒரு மாசமா ஒவ்வொண்ணா போட்டுக் கேக்குறேன். அதுல ஒரே ஒரு பகுதியப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன். போஸ்ட்-பங்க், இண்டஸ்ட்ரியல். ஒரு முப்பது தட்டு இருக்கும். 2013-ல ஷெஃபீல்டுல படிக்கும்போது வாங்கினது, எல்லாமே செகண்ட் ஹேண்ட். ஒரு கஃபேல வாரக்கடைசியில பாத்திரம் கழுவின காசு.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1976, 77-ல பிரிட்டன்ல பங்க் வெடிச்சுது. மூணு கார்ட் தெரிஞ்சா போதும், மேடை ஏறலாம்னு ஆச்சு. ரெண்டு வருஷத்துல அதுவும் ஒரு ஃபார்முலா ஆயிடுச்சு. "மேடை ஏறலாம், சரி. ஏறி அதையே ஏன் வாசிக்கணும்?"னு கேட்டவங்கதான் போஸ்ட்-பங்க். "இசைக்கருவியே எதுக்கு?"ன்னு கேட்டவங்க இண்டஸ்ட்ரியல். டேப் ரெக்கார்டர், சொந்தமா சால்டர் பண்ணின பெட்டிகள், இரும்புத் தகடு, டிரில்லிங் மெஷின்.

கேக்குறதுக்கு முன்னாடி கழுவுற வேலை இருக்கே, அதைச் சொல்லாம விட முடியாது. சென்னை ஈரத்துக்கு கவருக்குள்ள பூசணம் புடிச்சிருந்துது. டிஸ்டில்டு வாட்டர், கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால், மைக்ரோஃபைபர் துணி. வட்டமா, பள்ளத்தோட திசையிலயே துடைக்கணும். குறுக்க துடைச்சீங்கன்னா போச்சு. பத்து தட்டு கழுவறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுது.

முதல்ல எடுத்தது ஜாய் டிவிஷனோட 'அன்நோன் ப்ளஷர்ஸ்'. 1979 ஜூன்ல ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. பாட்டு கேக்காதவங்களுக்கும் அட்டை தெரியும். கறுப்புல வெள்ளை மலைமலையா கோடுகள். நம்ம பசங்க பாதிப் பேர் டி-ஷர்ட்டா போட்டிருக்கீங்க. அது மலை இல்லை. சி.பி. 1919-ங்கிற பல்சர் அனுப்புற ரேடியோ துடிப்பு. 1967-ல அதை முதல்ல கவனிச்சது ஜோஸலின் பெல்னு ஒரு ஆராய்ச்சி மாணவி. 1974-ல நோபல் பரிசு அவங்க கைடுக்குப் போச்சு, அவங்களுக்குக் கிடைக்கலை. அடுத்த தடவை யாராவது அந்த டி-ஷர்ட் போட்டிருந்தா சொல்லி வைங்க.

மார்ட்டின் ஹானெட் அந்த ஆல்பத்துக்கு ஒரு பெரிய காலி கட்டடத்தோட சத்தத்தைக் கொடுத்தார். ஸ்டாக்போர்ட்ல ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ. லிஃப்ட் சத்தம், கண்ணாடி உடையிற சத்தம் எல்லாம் உள்ள போச்சு. மேடையில போடுற கூச்சல் மொத்தமும் காணாம போச்சேன்னு பேண்ட்ல இருந்தவங்களுக்கே முதல்ல பிடிக்கலை. இப்பவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா விக்கப் போறேன். என்னோடது பின்னாடி வந்த மறுபதிப்பு, எங்க வேணா கிடைக்கும், ஒவ்வொரு செகண்டும் மனப்பாடம். திட்டணும்னா திட்டிக்கோங்க.

சரி, இப்போ அப்பாவைப் பத்திச் சொல்லணும்.

அப்பா 28 வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்ல பிரஸ் ஷாப் ஆபரேட்டர். பவர் பிரஸ்ல ஷீட்டை வைக்கணும், பெடலை மிதிக்கணும், டை இறங்கும், டம். ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் தடவைன்னு அவரே எண்ணினதில்லை. காதுக்கு மஃப் எதுவும் கொடுக்கலை. பஞ்சுதான், அதுவும் வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போறது. இப்ப அவர் என்கூட இருக்கார். போன வருஷம்தான் காது மெஷின் வாங்கினோம். டாக்டர் காட்டின ஆடியோகிராம்ல கோடு நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளத்துல விழுந்திருந்துது. சத்தத்தால கெட்டுப்போன காதுக்கு அதுதான் அடையாளமாம். பேசுறது கேக்கும், ஆனா 'ச', 'த', 'க' எல்லாம் கரைஞ்சுடும். 'சாதம்'னா 'மாதமா?'ன்னு கேப்பார்.

1948 ஃபேக்டரீஸ் சட்டத்தோட மூணாவது அட்டவணையில இந்தக் காது நோய் இருந்துது. தொழிற்சாலை அதைத் தெரிவிச்சே ஆகணும்னு அப்ப விதி இருந்துது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் அப்போ வரம்பு. அப்பா வேலை பார்த்த இடத்துல யாரும் எதையும் தெரிவிக்கலை. இதெல்லாம் அவர் ரிட்டயர் ஆனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? ஷெஃபீல்டுல ஒரு ரூம்ல உக்காந்துட்டு, ஃபேக்டரி சத்தத்தை இசைன்னு காசு கொடுத்து வாங்கிட்டிருந்தேன். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட "இண்டஸ்ட்ரியல் கேப்பேன்"னு பெருமையா வேற சொல்லுவேன். இந்த ஒரு மாசமா ஒவ்வொரு தட்டையும் கையில எடுக்கும்போது இது உறுத்திட்டே இருந்துது.

அந்த உறுத்தலோட எடுத்ததுதான் த்ராபிங் கிரிஸ்ல். 1976-ல இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்னு லேபிள் ஆரம்பிச்சு இந்த வகைக்குப் பேர் வச்சவங்களே இவங்கதான். '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்', 1979. ஜாஸும் இல்ல, இருபது பாட்டும் இல்ல. அட்டையில நாலு பேரும் புல்வெளியில பூக்களுக்கு நடுவுல சிரிச்சுட்டு நிப்பாங்க, ஏதோ குடும்ப டூர் மாதிரி. அந்த இடம் பீச்சி ஹெட், நிறைய பேர் உயிரை விட்ட மலை விளிம்பு. இருபத்திரண்டு வயசுல எனக்கு இது பெரிய புத்திசாலித்தனமா தெரிஞ்சுது. லேபிளோட லோகோ ஆஷ்விட்ஸ் படம்னு தெரிஞ்சப்பவும் "அதிர்ச்சி கொடுக்கணும்ல"ன்னு தலையாட்டினேன். இப்ப ஆட்ட முடியலை. ஒரு தலைமுறையையே எரிச்ச இடம் அது. அதை பிராண்டு ஆக்குறதுல என்ன துணிச்சல் இருக்கு?

இன்னொண்ணும் இருக்கு. பேண்டோட கோஸி ஃபேனி டுட்டி 2017-ல தன் வாழ்க்கையை புத்தகமா எழுதினாங்க. கூட இருந்த காலத்துல ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜ் தன்மேல காட்டின வன்முறையை அதுல விவரமா எழுதியிருக்காங்க. ஜெனிசிஸ் மறுத்தார், 2020-ல இறந்தும் போயிட்டார். அந்தப் புத்தகத்தைப் படிச்சப்புறம் நாலு வருஷம் இந்தத் தட்டை நான் தொடலை. இப்ப போட்டுக் கேட்டப்போ என் காது தேடிப் போனது கிறிஸ் கார்ட்டரோட மெஷின்களையும், அது மேல கோஸி கிசுகிசுக்கிற குரலையும்தான். அவங்க வேலையும் அதுலதான் இருக்கு. அதனால வச்சுக்கிறேன். நீங்க வேற முடிவு எடுத்தா நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஷெஃபீல்டுல படிச்சுட்டு கேபரே வோல்டேர் பத்திப் பேசலைன்னா பாவம். சம்மட்டி மெஷின் அடிக்கிற சத்தம் ராத்திரி ஊர் முழுக்க கேக்கும்னு அந்த ஊர் இசைக்காரங்க நிறைய பேர் சொல்லியிருக்காங்க. நான் போனப்போ அங்க பெரிய ஷாப்பிங் மால்தான் இருந்துது. 1981-ல வந்த 'ரெட் மெக்கா' இன்னும் வெடவெடன்னு இருக்கு. எனக்குப் பிடிச்ச கதை கிறிஸ் வாட்சனோடது. டெலிஃபோன் எஞ்சினியரா இருந்தவர், பேண்ட்ல டேப்பை வெட்டி ஒட்டினவர், அப்புறம் டேவிட் அட்டன்பரோ நிகழ்ச்சிகளுக்குப் பறவையும் மிருகமும் போடுற சத்தத்தைப் பதிவு பண்ணப் போயிட்டார். கேக்குறதுதான் அவர் தொழில். கவனமா கேக்குறது. இதையும் விக்கலை.

அப்பா ஹால்ல இருக்கும்போது நான் ஹெட்ஃபோன்லதான் கேப்பேன். ஒரு நாள் ஜாக் சரியா சொருகலை, ஸ்பீக்கர்ல அலறிடுச்சு. ஐன்ஸ்டூர்ட்சென்டே நோய்பாவ்டன், 'கோலாப்ஸ்', 1981. மேற்கு பெர்லின். டிரம்ஸ் வாங்க வழியில்லாம பழைய இரும்பை அடிச்சுப் பதிவு பண்ணின பசங்க. அதுக்கு முந்தின வருஷம் ஆட்டோபான் பாலத்துக்கு உள்ள இருக்கிற பொந்துல புகுந்து ஒரு கேசட்டே பதிவு பண்ணியிருக்காங்க.

நான் ஓடி வந்து வால்யூம் குறைக்கப் போனேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். காது மெஷினைச் சரி பண்ணிக்கிட்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது பிரஸ் இல்லம்மா. தடி பிளேட்டு. கையால அடிக்கிறான்."

"எப்படிப்பா தெரியும்?"

"பிரஸ்ஸுக்கு கை அசராது. இவனுக்கு அசருது பாரு, இப்ப... இப்ப."

கூர்ந்து கேட்டேன். உண்மைதான். பன்னெண்டு வருஷமா கேக்குறேன், எனக்குத் தெரியலை.

அப்புறம் "இதுக்கு எவ்வளவு கொடுத்த?"ன்னு கேட்டார். பாதி விலையைத்தான் சொன்னேன். அதுக்கே ரொம்ப நேரம் சிரிச்சார். எங்க ஷாப்ல தினம் ஓசியில போட்டானுங்களேன்னார்.

அன்னிக்கு சாயங்காலம் டெஸ்ட் டிபார்ட்மென்ட்டும் போட்டேன். லண்டன் பசங்க, அவங்களும் இரும்பு அடிக்கிறவங்கதான். ஆனா 1984-85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தப்போ ஊர் ஊரா கச்சேரி பண்ணி தொழிலாளிங்களுக்குக் காசு சேர்த்தாங்க. சவுத் வேல்ஸ்ல ஸ்ட்ரைக்ல இருந்த சுரங்கத் தொழிலாளிங்க பாட்டுக்குழுவோட சேர்ந்து ஒரு எல்.பி.யே போட்டாங்க, 'ஷோல்டர் டு ஷோல்டர்'. இரும்பு ஒரு பக்கம், அந்த ஆம்பளைங்க சேர்ந்து பாடுறது இன்னொரு பக்கம். ஸ்ட்ரைக் எத்தனை நாள் நடந்துதுன்னு அப்பா கேட்டார். ஒரு வருஷம்னேன். ஜெயிச்சாங்களான்னார். இல்லைன்னேன். ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

கணக்குக்கு வருவோம். முப்பதுல பதினோரு தட்டு போயாச்சு. பெங்களூர்ல ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கிட்டார். அந்தக் காசுல அப்பாவோட காது மெஷினுக்கு புது இயர் மோல்டு போட்டோம், பழசு காதை உறுத்திட்டே இருந்துது.

பப்ளிக் இமேஜ் லிமிடெட் இருக்கே, அதையும் கொடுக்கிறதா இருந்தேன். 1979-ல தகர ஃபிலிம் டப்பாவுல மூணு தட்டா வந்துதே 'மெட்டல் பாக்ஸ்', அதோட அடுத்த வருஷப் பதிப்பு, சாதா கவர்ல. டப்பா வாங்குற வசதி எனக்கு இல்ல. பேக் பண்றதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை போட்டேன். ஜா வாபிளோட பேஸ் கிட்டார் ஆரம்பிச்சதும் அப்பா எழுந்து வந்து ஸ்பீக்கர் மேல கையை வச்சார். காது மெஷினைக் கழட்டி சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். ஒரு பக்கம் முழுக்க அப்படியே நின்னார்.

இப்ப தினமும் டிபன் முடிஞ்சதும் கேக்குறார், "அந்த வயித்துல இடிக்கிறத போடும்மா."

பெங்களூர்காரருக்கு ஸாரி சொல்லி மெசேஜ் அனுப்பிட்டேன்.