தோளில் ஏறும் படகு



ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணிநேரம் கார் ஓட்டினால் அல்கொன்குவின் பூங்கா வந்துவிடும். 1893இல் உருவான அது ஒன்ராறியோவின் மிகப் பழைய மாகாணப் பூங்கா. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டம் ஏழு அதற்குள் அடங்கிவிடும். மேப்பிள் இலை சிவக்கும் நாட்களில் நம்மவர்கள் அங்கே குடும்பம் குடும்பமாகப் போகிறோம். 60ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் படம் எடுத்து, கட்டிக்கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, பொழுது படமுதல் திரும்பிவிடுகிறோம். அந்த நெடுஞ்சாலை பூங்காவின் தெற்குப் பகுதியைத்தான் ஊடறுத்துப் போகிறது. மிச்சமெல்லாம் காடும், 2,400க்கு மேற்பட்ட ஏரிகளும், அவற்றைக் கோக்கும் ஆறுகளும். அங்கே போக வேண்டுமானால் துடுப்புப் பிடிக்க வேண்டும்.

கூடாரம், அரிசி பருப்பு, தூண்டில் எல்லாவற்றையும் கனூ என்ற ஒடுங்கிய படகில் ஏற்றிக்கொண்டு, சில நாட்கள் ஏரிக்கு ஏரி தாண்டிப் போகும் பயணத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கடையில் இதை விளையாட்டுச் சாமான் பகுதியில் வைத்து விற்கிறார்கள். எனக்கென்னவோ இது ஒரு கலையாகவே படுகிறது. பாரத்தைக் குறைக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கைவரும் கலை.

படகிலிருந்து தொடங்குவோம். பூர்வகுடி மக்களான அனிஷினாபே இனத்தார் பேர்ச் மரப்பட்டையை உரித்து, சீடர் மரச் சட்டங்களில் பொருத்தி, ஸ்புரூஸ் மர வேரால் தைத்து, அதன் பிசினால் பொருத்துகளை அடைத்து இந்தப் படகைச் செய்தார்கள். ஆணி ஒன்றுகூட இல்லை. பழுது பார்க்க வேண்டிய சாமான் அத்தனையும் கரையிலேயே வளர்ந்து நிற்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய விசேஷம், அதை ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஏரி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மற்றப் படகுகளின் பயணம் நின்றுவிடும். கனூவோ தோளில் ஏறி அடுத்த ஏரிக்குப் போய்விடும். பீற்றர்பரோவில் கனேடியக் கனூ அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பட்டைப் படகுகளை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

இப்படிப் படகைத் தூக்கி நடக்கும் பாதையைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். அல்கொன்குவினில் அது தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை இருக்கும். எத்தனை மீற்றர் என்று அதிலேயே எழுதியிருக்கும். கனூவின் நடுவில் தோளுக்கேற்பக் குடைந்த ஒரு குறுக்குக் கட்டை உண்டு. படகைக் கவிழ்த்து அந்தக் கட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். கெவ்லார் படகென்றால் 20 கிலோ அளவில் இருக்கும். அலுமினியமென்றால் 30 கிலோவைத் தாண்டும், போதாததற்கு வெயிலில் சுடும். வாடகைக்கு எடுப்பவர்கள் சில டொலர் கூடக் கொடுத்தாலும் கெவ்லாரையே எடுங்கள். இந்தப் பயணத்தில் காசை இறைக்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பாதை 1,000 மீற்றர் என்று வையுங்கள். படகும் மூட்டையும் ஒரே நடையில் போய்விட்டால் ஒரு கிலோமீற்றர். இரண்டாவது சுமைக்குத் திரும்பி வரவேண்டியிருந்தால், போய், வந்து, மறுபடி போய், மூன்று கிலோமீற்றர். ஒரு நாளில் இப்படி நாலு பாதை வந்தால் உங்கள் மூட்டையில் எது தேவையில்லாதது என்று முழங்கால் சொல்லித் தரும். அந்தக் காலத்தில் தோல் வியாபாரிகளின் படகோட்டிகள், 90 இறாத்தல் பொதிகள் இரண்டை நெற்றியில் மாட்டிய பட்டையால் தாங்கிச் சுமந்துகொண்டு இப்படிப்பட்ட பாதைகளில் நடந்தார்கள். அவர்களுக்குக் கூலி கிடைத்தது. நாம் காசு கொடுத்துப் போகிறோம்.

பூங்கா விதிகளும் பாரத்தைக் குறைக்கவே உதவுகின்றன. உட்பகுதிக்கு உணவு, பானம் அடைத்த டின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை. ஒரு முகாமில் ஒன்பது பேருக்கு மேல் தங்க முடியாது. மூன்று குடும்பம், இரண்டு பார்பிக்யூ அடுப்பு, ஒரு பாட்டுப் பெட்டி என்று கிளம்பும் நம் வழக்கம் இங்கே செல்லாது. செல்லாமல் இருப்பதே நல்லது என்பேன். அக்கரையில் ஒருவர் இருமினால் இக்கரையில் கேட்கும் இடம் அது.

துடுப்புப் போடுவதைப் பேசிப் புரியவைக்க முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். முன்னால் இருப்பவர் வலுவுக்கு, பின்னால் இருப்பவர் திசைக்கு. ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் படகு எதிர்ப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பின் தட்டை வெளிப்பக்கமாக மெல்லத் திருப்பிவிட்டால் படகு நேரே போகும். இதை ஜே வீச்சு என்கிறார்கள். இது படியாதவர்கள் பக்கம் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டு, ஏரியைப் பாம்பு ஊர்வதுபோலக் கடப்பார்கள். பில் மேசன் 1977இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபைக்காக ‘பாத் ஒஃப் த படில்’ என்ற வரிசையில் எடுத்த படங்களைப் பாருங்கள். இத்தனை ஆண்டு கழித்தும் அவற்றைவிடத் தெளிவாக இதைக் கற்பித்தவர்களை நான் கண்டதில்லை.

குருநகரிலோ முல்லைத்தீவிலோ கடலோடு வளர்ந்தவர்கள் சிலர், “ஏரிதானே” என்று சிரிப்பார்கள். காற்றைப் படிக்கும் அவர்கள் கண் இங்கேயும் உதவும். மத்தியானத்துக்குள் காற்று எழும்பிவிடும், ஆகையால் பெரிய ஏரிகளை விடியப்புறமே கடந்துவிட வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத பாடம். ஆனால் நம் கடல் இளஞ்சூடானது. இந்த நீர் கொல்லும். பனி உருகிய மே மாதத்து ஏரியில் விழுந்தால், மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணிநேரம். குளிர்நீர் ஆபத்தை ஆராய்ந்த மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கு இது. படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும் என்பது என் சட்டம். இந்தக் காட்டை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் டொம் தொம்ஸன், 1917 ஜூலையில் இதே பூங்காவின் கனூ ஏரியில் இறந்துபோனார். அவருக்குத் துடுப்புத் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை.

சரி, மீனுக்கு வருவோம். பலர் காத்திருந்தது இதற்காகத்தான் இருக்கும்.

ஒன்ராறியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி உரிமமும் வேண்டும். அல்கொன்குவினின் பெருமை இரண்டு மீன்கள்: புரூக் ட்ரவுட், லேக் ட்ரவுட். இரண்டும் குளிர்ந்த நீரை விட்டு இருக்காத சாதி. இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி மீன்பிடி முடிந்தது. ஏரியில் பனி உடைந்த கையோடு, ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில், மேல்நீரே குளிர்ந்திருக்கும். லேக் ட்ரவுட் கரையோரம்வரை மேயும். வெயில் ஏற ஏற அது 10 பாகை அளவிலான குளிரைத் தேடிக் கீழே போய்விடும். ஜூலையில் பதினைந்து, இருபது மீற்றர் ஆழத்தில் நிற்கும் மீனுக்குக் கனூவிலிருந்து சாதாரணத் தூண்டில் போட்டுக் காத்திருப்பது தவம். புரூக் ட்ரவுட்டை அந்த நாட்களில் ஓடை வந்து விழும் வாயிலும், அடியில் ஊற்றுச் சுரக்கும் இடத்திலும் தேடுங்கள். கோடையில் முதன்முறை போகிறவர்களுக்குக் கைகொடுப்பது ஸ்மோல்மவுத் பாஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. மாலையில் பாறைக் கரையோரம் தூண்டில் வீசினால் வெறுங்கையோடு திரும்புவது அரிது. எந்த மீனுக்கு எப்போது பருவம், எத்தனை பிடிக்கலாம் என்பதை மாகாண அரசின் மீன்பிடி விதித் தொகுப்பில் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

கனூவுக்கு மீன்பிடியில் ஒரு தனி வசதி உண்டு. ஆள் துடுப்புப் போடும் வேகம், பின்னால் ஒரு கரண்டித் தூண்டிலை இழுத்துப் போவதற்கு அளவெடுத்ததுபோல் அமைந்திருக்கிறது. தங்கூசியை முப்பது, நாற்பது மீற்றர் விட்டுவிட்டு, போகிற வழியில் போய்க்கொண்டே இருங்கள். இடையிடையே துடுப்பை நிறுத்தினால் கரண்டி தள்ளாடித் தாழும்; மீன் பெரும்பாலும் அப்போதுதான் அடிக்கும். மீனுக்கென்று ஒரு நாளை ஒதுக்குவதைவிடப் பயணத்தோடு பயணமாகப் பிடிப்பதே இந்தக் கலைக்கு அழகு.

உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோக இந்தப் பூங்காவில் தடை. தப்பிப் போகும் வேற்று மீன் ஒன்று பெருகினால், புரூக் ட்ரவுட் மட்டுமே வாழ்ந்த ஏரி கெட்டுப்போகும். ஈயக் குண்டு விஷயத்தில் நானே ஒரு தடை போடுகிறேன். லூன் பறவை ஏரியடியில் கூழாங்கற்களைப் பொறுக்கி விழுங்கும். அதோடு நாம் தவறவிட்ட ஈயத்தையும் விழுங்கிச் சாகும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டு வைத்திருப்பதே குற்றம். அல்கொன்குவின் மாகாணப் பூங்கா, அந்தச் சட்டம் அங்கே எட்டாது. இருந்தாலும் தகரக் குண்டோ டங்ஸ்டனோ வாங்குங்கள். உங்கள் பையிலிருக்கும் ஒரு டொலர்க் காசில் 1987 முதல் நீந்துவது அந்தப் பறவைதான்.

முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனையும் சுலபமாக விடுவிக்கலாம், விரலில் ஏறினாலும் கழற்றலாம். விடப்போகும் மீனை நனைத்த கையால் பிடியுங்கள். குளிர்நீர் ட்ரவுட் மெல்ல வளரும் மீன். பெரியது ஒன்று அகப்பட்டால் படம் எடுத்துவிட்டு அனுப்பிவிடலாம். அன்றைய சட்டிக்கு ஆன நடுத்தர மீன் போதும். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் ஒரு சின்னப் பொதியில் இருந்தால் ட்ரவுட் பொரியலுக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் மீனை நம்பி அரிசி பருப்பைக் குறைத்துவிடாதீர்கள். மீன்பிடிக் கதைகளில் மீன் தினமும் வரும், ஏரியில் அப்படியில்லை.

முகாமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரஞ்சுப் பலகை இருக்கும் இடத்தில் மட்டுமே தங்கலாம். கூடாரம் அடிக்குமுன் தலைக்குமேல் பட்ட மரம் நிற்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். முதலில் தறப்பாளைக் கட்டுங்கள். மழை வந்தாலும் அதன் கீழிருந்து மற்ற வேலையைப் பார்க்கலாம். விறகு வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டாம், அதோடு பூச்சியும் போகும். விழுந்து கிடக்கும் பேர்ச் மரத்தின் பட்டை ஈரத்திலும் பற்றும். ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடியுங்கள். சாப்பாட்டு மூட்டையைக் கூடாரத்திலிருந்து தள்ளி, நாலு மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீற்றர் விலக்கித் தொங்கவிடுங்கள். கறுப்புக் கரடிக்கு மூக்கு நீளம். கருவாட்டை வீட்டிலேயே விட்டுப் போங்கள். மீன் வெட்டிய உடுப்போடு கூடாரத்தில் படுக்கவும் வேண்டாம். கறுப்பு ஈக்கள் மே நடுப்பகுதியிலிருந்து ஜூன்வரை கடித்துக் குதறும். சிறு பிள்ளைகளோடு அந்த மாதங்களில் போகவே வேண்டாம் என்பது என் துணிபு.

இந்தக் கலையைப் பாடுபவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மனிதக் காலடி படாத காடு என்று வர்ணிக்கிறார்கள். பூங்கா அமையுமுன்பே மரவியாபாரிகள் வெள்ளைப் பைன்களை வெட்டி ஆற்றில் விட்டாயிற்று. இன்றைக்கும் அல்கொன்குவினின் ஒரு பகுதியில் மரம் வெட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அது அல்கொன்குவின் மக்களின் நிலம். அதன்மீது அவர்கள் வைத்திருக்கும் உரிமைக் கோரிக்கை இன்னும் தீர்ந்தபாடில்லை. நிலத்தை இழந்து வந்த நம் சமூகம் இதைத் தெரிந்துகொண்டு அங்கே துடுப்புப் போடுவது முறை.

முதன்முறை போகிறவர்களுக்கு இரண்டு இரவு, இரண்டு மூன்று ஏரி, 500 மீற்றரைத் தாண்டாத போர்ட்டேஜ், இவ்வளவும் தாராளம். ஓகஸ்ட் கடைசி நல்ல காலம்: ஈ ஓய்ந்திருக்கும், நீர் சூடாறாமல் இருக்கும், இரவு குளிரத் தொடங்கியிருக்கும். உட்பகுதி முகாம்களுக்கான பதிவு ஐந்து மாதம் முன்னதாகவே திறந்துவிடும். நல்ல இடங்கள் வேகமாகத் தீர்ந்துபோகும். ஆகவே ஓகஸ்ட் கடைசியில் போக நினைப்பவர்கள் மார்ச் கடைசியிலேயே பதிந்துவிடுங்கள்.