கல்யாண ட்ரோனும் கடலோர விமானமும்

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வரவு செலவுக் கணக்கைத் தலைவர் வாசித்துவிட்டார். கல்வி உதவித்தொகை பற்றிப் பொருளாளர் பேசுவார். எங்களுக்குக் கொடுத்த நேரத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அது எங்கள் தவறு பற்றியது.

சென்ற ஆண்டு குமர் காரியத்துக்காக நாம் நடத்திய இலவச நிக்காஹ் நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். மதரஸா மைதானத்தை மேலிருந்து எடுத்த படத்தை நம் மடலின் அட்டையில் போட்டோம். பந்தலும் வெள்ளைத் தொப்பிகளுமாக அழகாகத்தான் இருந்தது. துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் சபுராளிகள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அந்தப் படம் எடுத்த சற்று நேரத்தில் கடல் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் தாழ்வாக வந்ததும், வீடியோக்காரத் தம்பி முகம் வெளுத்துப்போய் ட்ரோனை அவசரமாகக் கீழே இறக்கியதும் அங்கே நின்ற நாலைந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலேயிருந்தும் எடுங்கள் என்று சொன்னது நாங்கள்தான். அனுமதி இருக்கிறதா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தோம். ‘இத்தனூண்டு பிளாஸ்டிக் சாமான் விமானத்தை என்ன செய்துவிடும், காக்கை மோதுவது போலத்தானே’ என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். காக்கையின் உடம்பு சதையும் தண்ணீரும், உள்ளே காற்றோடும் எலும்பும். மோதினால் சிதறிவிடும். ட்ரோனுக்குள் இருப்பது உலோக மோட்டார், கேமரா, கெட்டியான பேட்டரி. 2018-ல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வுக் கூடத்தில், சுமார் ஒரு கிலோ எடையுள்ள ட்ரோனைச் சிறு விமானத்தின் இறக்கைமேல் மணிக்கு 238 மைல் வேகத்தில் எய்து பார்த்தார்கள். ட்ரோன் இறக்கையின் முன்விளிம்பைக் கிழித்து உள்ளே புகுந்து, இறக்கையைத் தாங்கும் முதுகெலும்புச் சட்டத்தையே சேதப்படுத்தியது. இவ்வளவு வேகத்தில் மோதல் நடக்காது என்று ட்ரோன் கம்பெனி ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபணையில் நியாயம் இருக்கலாம். ஆனால் சோதனைக்கூடத்துக்கு வெளியே நடந்தவையும் இருக்கின்றன.

2021 ஆகஸ்ட் 10 அன்று கனடாவில் டொராண்டோவுக்கு அருகே பட்டன்வில் விமான நிலையத்தில், ஒரு மாணவரும் பயிற்சி ஆசிரியரும் செஸ்னா 172 விமானத்தில் தரையிறங்க வந்துகொண்டிருந்தார்கள். முன்பக்கம் ஏதோ இடித்தது. பறவை என்று நினைத்தார்கள். இறங்கிப் பார்த்தால் எஞ்சின் மூடி நசுங்கியிருந்தது, காற்றாடியிலும் அடி. மோதியது ட்ரோன். அதை விட்டது விளையாட்டுப் பிள்ளையல்ல, வேலைக்காக வந்திருந்த போலீஸ். அந்தரத்தில் அசையாமல் நின்ற ட்ரோனை விமானத்திலிருந்தவர்கள் பார்க்கவில்லை, விமானத்தை ட்ரோன்காரரும் பார்க்கவில்லை. இருவரும் உயிர் தப்பினார்கள்.

பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி 1.8 கிலோ பறவை மோதினாலும் தாங்க வேண்டும் என்று விதி உண்டு. செஸ்னா போன்ற சின்ன விமானத்துக்கு அப்படி விதியில்லை. தாழ்வாகப் பறப்பதும் இவைதான். ட்ரோனுக்கு உச்சவரம்பு 400 அடி, விமானம் பொதுவாக 500 அடிக்குக் கீழே வருவதில்லை. நடுவில் 100 அடிதான். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்புப் பணியின்போதும் அந்த 100 அடியும் கிடையாது. வினாடிக்கு 50 மீட்டர் கடக்கும் விமானத்திலிருந்து கையகலச் சாமானைக் கண்டு விலகுவது மனிதக் கண்ணால் ஆகிற காரியமில்லை. விலக வேண்டியவர் தரையில் நிற்பவர்தான்.

எங்களை உறுத்தியது இன்னொரு சம்பவம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தீப்பற்றி எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடலிலிருந்து ஒரே மொண்டலில் சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை அள்ளித் தீயின்மேல் கொட்டும் விமானங்களைக் கனடாவின் கியூபெக் மாகாணம் அனுப்பியிருந்தது. ஜனவரி 9 அன்று, தீயின் சேதத்தைப் பார்க்க ஆசைப்பட்ட ஒருவர் சாண்டா மோனிகாவில் கார் நிறுத்தும் கட்டடத்தின் உச்சியிலிருந்து ட்ரோன் விட்டார். இரண்டரை கிலோமீட்டர் போனது, கண்ணுக்கு மறைந்தது, அந்த விமானத்தின் இடது இறக்கையில் மோதியது. 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது, பழுது பார்ப்பதற்காக நாட்கணக்கில் தரையில் கிடந்தது. அந்த மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் கெட்டவரல்ல. வேடிக்கை பார்க்க நினைத்தார், அவ்வளவுதான். நாங்களும் நல்ல படத்துக்குத்தானே ஆசைப்பட்டோம்!

நம் கரைக்கு இது தூரத்துச் செய்தியில்லை. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது. கடலுக்குப் போன நம் மீனவர்கள் காணாமல் போனால் தேட வருவது ஹெலிகாப்டரும் சிறு விமானமும்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வேண்டும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. 250 கிராமுக்கு மேற்பட்டதைக் கூலிக்கு இயக்கும் வீடியோக்காரருக்கு உரிமச் சான்று அவசியம். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சபுராளிகள் கவனிக்க வேண்டியது: 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. மச்சானுக்கு அன்பளிப்பு என்று பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கஸ்டம்ஸில் நிற்க வேண்டாம்.

இவ்வாண்டு நம் நிக்காஹ் நிகழ்ச்சியில் ட்ரோன் கிடையாது என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்துவிட்டோம். மதரஸா மொட்டை மாடியிலிருந்து படம் எடுக்கலாம், படிக்கட்டை இப்போதே சரிசெய்யச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் ட்ரோன் வைத்திருக்கும் பிள்ளைகள் வருகிற சனிக்கிழமை இஷா தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரட்டும். நம் கம்ப்யூட்டரில் அந்த வரைபடத்தைத் திறந்து காட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். திட்டமாட்டோம், பறிக்கவும் மாட்டோம். அந்த வீடியோக்காரத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.