குழல் நீண்டால் குறி தப்பாதா?

ஆங்கிலேயர் ஆட்சியின்போது கோலார் தங்கவயலில் துணைப்படைப் பட்டாளம் ஒன்று இருந்தது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரிய படை அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று, அங்கே பூமியைக் குடைந்து பொன்னெடுத்த தமிழருக்கு அதில் இடமில்லை. இன்று நிலைமை வேறு. துப்பாக்கிச் சங்கங்களில் நம் பிள்ளைகளும் முறைப்படி பயிலலாம். அவ்வாறு பயில்வோர் முதலில் எழுப்பும் வினா ஒன்றுண்டு: தொலைவிலுள்ள இலக்கைச் சுடுவதற்குக் குழல் எவ்வளவு நீளம் இருத்தல் வேண்டும்?

பாறைக்கு வெடி வைத்துப் பழகிய சுரங்கத் தொழிலாளருக்கு இதன் விடை எளிதில் விளங்கும். மருந்து எரிந்து பெருகும் வாயுவே குண்டை உந்துகிறது. குழல் நீண்டால் உந்துதலும் நீடிக்கிறது, வேகம் கூடுகிறது. ஆயினும், குண்டு முன்னேற முன்னேற வாயுவின் அழுத்தம் தணிந்துவிடும். ஆகவே கடைசி அங்குலங்கள் தரும் ஆதாயம் சிறிதே. இராணுவத் தோட்டாக்களில் அங்குலத்துக்கு வினாடிக்கு 20 முதல் 30 அடி வேகம் கூடலாம்.

1895-இல் வந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 30 அங்குலம். சில ஆண்டுகளுக்குப் பின் அதை 25 அங்குலமாகக் குறுக்கியபோது, குறிபார்த்துச் சுடும் வல்லுநர் பலர் மறுப்புத் தெரிவித்தனர். ஆயினும் அக்குறுந்துப்பாக்கியே இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது. வங்காளத்து இஷாப்பூரிலும் செய்யப்பட்டது.

வல்லுநர் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. வெறுங்கண்ணால் குறிபார்ப்போருக்கு முன்குறியும் பின்குறியும் விலகி நிற்பது நலம். சிறு பிழையும் கண்ணுக்குப் புலப்படும். தொலைநோக்கி பொருத்திவிட்டால் இத்தேவை மறைந்துவிடும்.

வேகம் எப்போது இன்றியமையாதது? குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கி இறங்கும்போது அதன் போக்கு தடுமாறக்கூடும். இலக்கை அடையும்வரை அதற்கு மேலான வேகம் வேண்டும். 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைக் கொண்டு 1,000 கெஜம் சுடுவோர் 30 அங்குலக் குழலை விரும்புவது இதனாலேயே. 300 கெஜத்துக்கு அது வீண் பாரம். கடல்மட்டத்துக்குச் சுமார் 2,800 அடி மேலுள்ள கோலார் மேட்டுநிலத்தில் காற்று சென்னைக் கடற்கரையைவிட அடர்த்தி குறைந்தது. அங்கே குண்டு சற்று மெதுவாகவே வேகம் இழக்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மெல்லிய நீள்குழல் சுடும்போது மிகுதியாக அதிரும். தடித்த குறுங்குழல் உறுதியாக நிற்கும். நீளம் தருவது வேகம்; நேர்மையைத் தருவன குழலின் செம்மையும் சுடுபவரின் மூச்சடக்கமுமே.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். அதற்கு நீண்ட குழலே தேவையில்லை. ஆகவே, வெளிமாநிலத்தில் வாழும் பெற்றோரே, கைப்பொருளைச் செலவிடுமுன் தொலைவை அறிந்துகொள்ளுங்கள்; பிறகு குழலைத் தேர்ந்தெடுங்கள்.