படத்தில் சிரிப்பு, வயலில் நஞ்சு!

(விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உழவு என்றதும் காலண்டர் படத்திலும் சினிமாவிலும் நாம் காண்பதென்ன? பச்சை வயல்; சிரித்த முகத்தோடு வரிசையாய் நாற்று நடும் பெண்கள். அவர்களுடைய இடுப்பு வலியும் சேற்றுப்புண்ணும் அந்தியில் கைக்கு வரும் கூலியும் அங்கே இல்லை. சிரித்துக்கொண்டு செய்கிற வேலைக்குக் கூலி உயர்வு எதற்கு என்று கேட்கப் பண்ணையாருக்கு அந்தப் படம் வசதியாயிருக்கிறது!

வேறுவிதமாகத் தீட்டியவர்களும் உண்டு. பிரான்சில் நார்மண்டி விவசாயக் குடும்பத்தில் பிறந்த மில்லே என்ற ஓவியர், 1857இல் கதிர் பொறுக்கும் பெண்களின் படத்தைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள், சிந்திய கதிர்களைக் குனிந்து பொறுக்குகிறார்கள். தூரத்தில் குன்றுபோல் போர்கள், பாரவண்டி, குதிரைமேல் அமர்ந்து வேலை வாங்கும் மேற்பார்வையாளன். படத்தில் கொடியில்லை, கோஷமில்லை. ஆயினும் 1848 புரட்சியை மறவாத சீமான்கள் முகஞ்சுளித்தார்கள். ஏன்? போர் யாருக்கு, பொறுக்கும் கதிர் யாருக்கு என்ற கணக்கு அதில் பளிச்சென்று தெரிந்துவிட்டது!

அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் அந்த நஞ்சாலேயே மாண்டார்கள். ஆளுயரம் வளர்ந்த செடிகளின் நடுவே முகமூடியின்றி, கையுறையின்றி நின்று தெளித்தவர்கள் பலர். பஞ்சின் விலையில் மருந்தின் விலை சேர்கிறது. போன மூச்சின் விலை சேர்வதில்லை. 2022இல் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் 5,207 பேர், விவசாயக் கூலிகள் 6,083 பேர் என்று மத்திய அரசின் குற்ற ஆவணத் துறையே கூறுகிறது. உழவர் துயரைச் சொல்லும் கதைகளில் நிலமுள்ளவரின் முகமாவது தெரிகிறது. கூலிக்காரரின் முகம் எங்கே?

ஆலைத் தோழர்களே! நீங்கள் நூற்கும் பஞ்சு இப்படிப்பட்ட காடுகளிலிருந்துதான் வருகிறது. அதே செடியின் நஞ்சு அவர்கள் நெஞ்சில். பஞ்சுத் தூசி உங்கள் நெஞ்சில். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் பத்தியில்லை.

ஆகவே, வயலைக் காட்டும் எந்தப் படத்தையும் நாம் கேட்க வேண்டியது ஒன்று: இந்த விளைச்சலுக்கு யாருடைய உடம்பு செலவாயிற்று? நடவுப் பாட்டைக் கட்டியவர்கள் சேற்றில் நின்ற பெண்கள்தாம். அந்த உரிமையை எடுத்துக்கொண்டு நம் பாட்டில், நம் நாடகத்தில் அந்தச் செலவைச் சொல்லுவோம். சொல்லுவதோடு நில்லாமல் நியாயக் கூலியும், தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடையும், மாண்டவர் குடும்பத்துக்கு நஷ்டஈடும் ஒன்றுசேர்ந்து கேட்டு வாங்குவோம்!