முயல் துரத்திய பிள்ளைகளும் ஊர் வளர்த்த அணிகளும்

(தோட்டத்துப் பெற்றோருக்கும் இளைஞர்களுக்குமாக நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பகலெல்லாம் மலையில் நின்று கொழுந்து எடுத்து, நிறுவை முடித்து, வீட்டு வேலையையும் பார்த்துவிட்டு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்று நாங்கள் பேசப்போவது பாடசாலை விளையாட்டைப் பற்றி. "விளையாட்டுக்கும் ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகள் மைதானத்தில் எப்படி ஆடுகிறார்கள் என்பது அவர்களை மட்டும் பொறுத்த காரியமல்ல. அவர்களைச் சுற்றி நிற்கிற ஊர் எப்படிப்பட்டது, பயிற்சி கொடுக்கிறவர் எப்படிப்பட்டவர் என்பதையும் பொறுத்தது. இதை விளக்குவதற்கு அமெரிக்காவில் இருந்து சில உதாரணங்களைச் சொல்லுகிறோம். அவ்வளவு தூரம் ஏன் போகிறோம் என்றால், அங்கே பாடசாலை விளையாட்டை ஒரு ஊர் முழுவதும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற வழக்கம் உண்டு. அதனால் வரும் நன்மையும் தீமையும் அங்கே பளிச்சென்று தெரியும். அதிலும் முதலாவதாகச் சொல்லப்போகும் ஊர், நம்மைப் போலத் தோட்ட வேலை செய்த சனங்களின் ஊர்.

அவர்கள் ஆடும் ஆட்டம்

அமெரிக்காவில் 'புட்போல்' என்று சொன்னால் நாம் காலால் உதைக்கிற உதைபந்தாட்டம் அல்ல. கண்டிப் பக்கத்துப் பாடசாலைகள் ஆடுகிற ரக்பியை நினைத்துக் கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த மாதிரி. முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் பிடித்து ஓட வேண்டும், எறிய வேண்டும். எதிர்ப்பக்கத்தார் மோதி விழுத்துவார்கள். அதனால் தலைக்கவசமும் தோள் காப்பும் போட்டுத்தான் ஆடுவார்கள். பத்து யார் தூரம் முன்னேற நான்கு தடவை சந்தர்ப்பம் கொடுப்பார்கள். முடியாவிட்டால் பந்து மற்றவர் கைக்குப் போய்விடும்.

9ஆம் வகுப்பில் இருந்து 12ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் பாடசாலை அணிகளில் ஆடுகிறார்கள். நாடு முழுவதும் சுமார் 10 இலட்சம் பேர். ஆட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில் நடக்கும். பல ஊர்களில் அன்றைக்குக் கடையைக்கூட நேரத்தோடு மூடிவிட்டுக் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போவார்கள். பெற்றோரும் பழைய மாணவர்களும் ஆதரவுக் கழகம் வைத்துப் பணம் சேர்ப்பார்கள். ஒஹையோ மாநிலத்தில் மாசிலன் என்று ஒரு உருக்குத் தொழிற்சாலை ஊர் இருக்கிறது. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் ஒரு சின்னப் பந்தை வைப்பது ஆதரவாளர்களின் வழக்கம். பிறக்கும்போதே ஊர் என்ன எதிர்பார்க்கிறது என்று சொல்லி விடுகிறார்கள்!

கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள்

புளோரிடா மாநிலத்தில் ஓக்கிசோபி என்று ஒரு பெரிய ஏரி உண்டு. அதன் கரையில் பெல் கிளேட், பஹோக்கி என்று இரண்டு ஊர்கள். பெல் கிளேட்டில் ஏறக்குறைய 17,000 பேர். பஹோக்கியில் 6,000 பேர்கூட இல்லை. கன்னங்கரிய சேற்று மண். கரும்பும் மரக்கறியும் நன்றாக விளையும். ஆனால் மண் கொழுத்த மாதிரி அதில் உழைத்தவர்கள் கொழுக்கவில்லை. 1928ஆம் ஆண்டு வீசிய சூறாவளியில் ஏரிக்கட்டு உடைந்து குறைந்தது 2,500 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள். பெயர்கூட எழுதாமல் பெரிய குழிகளில் புதைக்கப்பட்டவர்கள் பலர். 1960ஆம் ஆண்டு பண்ணைத் தொழிலாளர்களின் கஷ்டத்தைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி காட்டியது. விடியற்காலையில் பெல் கிளேட்டில் ஆட்களைக் கூப்பிட்டு லொறியில் ஏற்றுகிற காட்சியில்தான் அது தொடங்கியது. நம்முடைய பிரட்டுக் களம் ஞாபகத்துக்கு வருகிறது, இல்லீங்களா?

கரும்பு வெட்டுவதற்கு முன்னால் சருகு போவதற்காகத் தீ வைப்பார்கள். அப்போது உள்ளே இருக்கும் முயல்கள் தெறித்து ஓடும். அந்த ஊர்ப் பிள்ளைகள் புகைக்குள் அவற்றைத் துரத்திப் பிடிப்பார்கள். வீட்டில் கறிக்கும் ஆகும், விற்றால் காசும் ஆகும். இந்த முயல் ஓட்டத்தினால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேகம் என்று ஊரார் பெருமையாகச் சொல்லுவார்கள்.

இந்த இரண்டு சிறிய ஊர்களில் இருந்தும் பல டசின் பேர் அமெரிக்காவின் தொழில்முறை அணிகளுக்குப் போயிருக்கிறார்கள். பஹோக்கிப் பாடசாலை 2006, 2007, 2008 என்று தொடர்ந்து மூன்று வருடம் மாநிலச் சம்பியன் ஆனது. இரண்டு ஊர்ப் பாடசாலைகளும் வருடா வருடம் மோதுகிற ஆட்டத்துக்குச் 'சேற்றுக் கிண்ணம்' என்று பொருள்படும் பெயர். வெளியூரில் வேலை செய்கிறவர்கள்கூட அதற்கு ஊர் திரும்புவார்கள்.

ஆனால் முயலைத் துரத்தியது மட்டும் அணியை உண்டாக்கி விடுமா? முயல் எத்தனையோ ஊர்களில் ஓடுகிறது. அந்த வேகத்தை ஒழுங்குபடுத்த ஆள் இருந்தது. அண்ணன் ஆடியதைத் தம்பி பார்த்து வளர்ந்தான். போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஜெஸி ஹெஸ்டர் என்பவர் பெல் கிளேட்டில் பிறந்தவர். 1985ஆம் ஆண்டு தொழில்முறை அணி ஒன்று முதற் சுற்றிலேயே அவரைத் தெரிவு செய்தது. அப்படிப்பட்டவர் 2008ஆம் ஆண்டு தான் படித்த ஊர்ப் பாடசாலைக்கே பயிற்றுநராக வந்தார். பஹோக்கியில் படித்த அன்குவான் போல்டின் தொழில்முறையில் சம்பாதிக்கத் தொடங்கியதும் ஒரு நிதியம் அமைத்து ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி செய்து வருகிறார். 2015ஆம் ஆண்டுக்குரிய சமூக சேவை விருது அவருக்குக் கிடைத்தது.

இதே ஊர்களில் இன்னொரு பக்கமும் உண்டு. 1990களில் கரும்பு வெட்ட இயந்திரம் வந்து கைவேலை அற்றுப் போனது. பந்தை நம்பிப் படிப்பை விட்ட பிள்ளை ஊரில் நின்றால் செய்ய வேலை இல்லை. நாங்கள் ஒரு சின்னக் கணக்குச் சொல்லுகிறோம். தொழில்முறையில் இருப்பது 32 அணிகள். ஒரு அணிக்கு 53 பேர். மொத்தம் 1,696 இடங்கள். பாடசாலையில் ஆடுகிறவர்களோ 10 இலட்சம். மிச்சப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த விளையாட்டு என்ன கொடுத்தது? ஒரு ஊரும் பயிற்றுநரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.

பயிற்றுநர் கையில் இருப்பது

கலிபோர்னியாவில் கொன்கோர்ட் என்னும் ஊரில் டி லா சால் என்ற கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை இருக்கிறது. 1979க்கு முன்பு அந்த அணி ஒரு வருடமாவது தோல்வியைவிட அதிகம் வெற்றி கண்டதில்லை. 1979ஆம் ஆண்டு பொப் லடுசர் என்ற இளைஞர் பயிற்றுநராக வந்தார். சமயபாடமும் படிப்பித்தார். 1992இல் தொடங்கி 2004 வரை அவருடைய அணி 151 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றது. 2012 வரை பயிற்சி கொடுத்த அவர் மொத்தம் 399 வெற்றிகளைக் கண்டார். தோற்றது 25 தான்.

அவர் என்ன மந்திரம் போட்டார்? வாராவாரம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அட்டையில் இந்த வாரம் பயிற்சியில் என்ன செய்வேன், ஆட்டத்தில் என்ன செய்வேன் என்று எழுத வேண்டும். அதை எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் கூட்டாளி ஒருவன் கையில் கொடுக்க வேண்டும். வாரம் முடிய, சொன்னதைச் செய்தானா என்று அந்தக் கூட்டாளியே கேட்பான். மைதானத்துக்குள் வரும்போது சோடி சோடியாகக் கைபிடித்துக் கொண்டு வருவார்கள். "வெல்லு, வெல்லு" என்று கத்துவதை விட்டு, "உன் பக்கத்தில் நிற்கிறவனுக்கு நீ கொடுத்த வாக்கைக் காப்பாற்று" என்பதை அவர் பழக்கினார். கட்டணம் கட்டிப் படிக்கிற பாடசாலை, வசதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு அட்டைக்கும் பென்சிலுக்கும் என்ன செலவு வரப்போகிறது?

ஊரே பிழை விட்டால்

டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒடேஸா ஓர் எண்ணெய்க் கிணற்று ஊர். அங்குள்ள பேர்மியன் உயர்நிலைப் பாடசாலையின் அணி நாடெங்கும் பேர் போனது. 1988ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையாளர் அங்கே போய்த் தங்கிப் பார்த்து, 1990இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அது பிறகு திரைப்படமாகவும் வந்தது. ஆங்கிலப் பாடத்துக்கு வாங்கிய கற்பித்தல் பொருட்களைவிட விளையாட்டு வீரரின் மருந்துக்கட்டுப் பொருட்களுக்குக் கூடுதல் பணம் செலவானது என்று அதில் எழுதியிருக்கிறார். அந்த வருடம் ஊரே கொண்டாடிய ஒரு பையனுக்குப் பருவம் தொடங்கும் முன்பே முழங்காலில் காயம் பட்டது. அதுவரைக்கும் "எங்க பிள்ளை" என்று தோளில் தட்டியவர்கள் அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு எழுத்து வாசிப்பும் சரியாகக் கைகூடவில்லை. 18 வயதுப் பிள்ளையின் காலில் ஒரு ஊர் தன்னுடைய மானத்தைக் கட்டி வைத்தால் இப்படித்தான் முடியும்.

இதைத் திருத்தச் சட்டமும் வந்தது. டெக்ஸாஸ் மாநிலம் 1984ஆம் ஆண்டு ஒரு விதி செய்தது. எந்தப் பாடத்திலாவது 70க்குக் குறைவாகப் புள்ளி எடுத்தால் ஆறு வாரத்துக்கு அணியில் இடமில்லை. பயிற்றுநர்மார் பலர் கூச்சல் போட்டார்கள். 1995இல் ஆறு வாரத்தை மூன்று வாரமாகக் குறைத்தார்கள்; ஆனால் விதி போகவில்லை. ஆட வேண்டுமானால் படிக்கத்தான் வேண்டும் என்று ஆன பிறகு, பயிற்றுநரே பிள்ளையின் பாடக் கொப்பியைக் கேட்கத் தொடங்கினார்.

அடுத்தது தலையில் அடிபடுதல். முன்பெல்லாம் அடிபட்டுத் தலை சுற்றினாலும் முகத்தைக் கழுவிவிட்டு "போ, ஆடு" என்பார்கள். 2009ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது: மூளை கலங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும், வைத்தியத்துறையினர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. 2014க்குள் எல்லா மாநிலங்களிலும் இப்படியான சட்டம் வந்துவிட்டது. நம்முடைய பிள்ளைகள் ஆடுவது வேறு ஆட்டமாக இருக்கலாம். தலை ஒன்றுதானே!

நமக்கு என்ன?

"அவங்க பணக்கார நாடு, நமக்கு லயத்து முன்னால ஒரு வாசல், மேலே ஒரு பிரட்டுக் களம், அவ்வளவுதானே" என்று நீங்கள் சொல்லுவது எங்களுக்குக் கேட்கிறது. உண்மைதான். மேடும் பள்ளமுமான மலையில் ஒரு சமதரை கிடைப்பதே பெரும்பாடு. ஆனாலும் நாங்கள் சொன்ன கதைகளில் பிள்ளைகளைக் காப்பாற்றியதும் கெடுத்ததும் மைதானத்தின் அளவு அல்ல. பெரியவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதுதான்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் "வென்னியா?" என்று கேட்கிறோம். "யாருக்காவது அடிபட்டிச்சா? எல்லாரையும் இறக்கினாங்களா? நாளைக்குப் பாடம் என்ன?" என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் கேட்டால் மூன்றாவது வாரம் பிள்ளை தானாகவே சொல்லும்.

டிவிசனுக்கு டிவிசன் ஆட்டம் வைத்தால் கடைசியில் பெரியவர்கள் சண்டை போட்டு, அடுத்த நாள் மலையிலும் முகம் கொடுக்காமல் இருக்கிற வழக்கம் சில தோட்டங்களில் உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். கோட்டுக்கு வெளியில் நின்று நடுவரைத் திட்டுகிற தகப்பன், உள்ளே நிற்கிற மகனுக்குப் பயிற்சிதான் கொடுக்கிறார். என்ன பயிற்சி என்பதை அவரே யோசித்துக் கொள்ள வேண்டும்.

பயிற்சி கொடுக்க முன்வருகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் யாரும் பெரிய வீரராக இருக்க வேண்டியதில்லை. பாடசாலைக்குப் போகாத நாளில் பயிற்சிக்கு வர முடியாது என்று ஒரு விதி வையுங்கள். வேகமாக ஓடுகிறவனுக்கும் அதே விதிதான், தலைவருடைய மகனுக்கும் அதே விதிதான். அந்த விதியினால் ஒரு ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. பெற்றோரே, அப்படித் தோற்கிற அன்றைக்கு நீங்கள் அந்த இளைஞர் பக்கம் நிற்க வேண்டும். "என் மகனை ஏன் இறக்கல்ல?" என்று அவர் வீட்டு வாசலுக்குப் போனீர்களானால் விதியும் போச்சு, அவரும் அடுத்த மாதம் வரமாட்டார்.

கொழும்பில் கடையிலோ வெளிநாட்டிலோ வேலை செய்கிற நம்முடைய பிள்ளைகள் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் தோட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களிடம் பந்து வாங்கப் பணம் மட்டும் கேட்காமல் இரண்டு மணித்தியாலம் நேரமும் கேளுங்கள். ஒரு காலத்தில் இதே லயத்தில் இருந்து போன அண்ணன் ஒருவன் வந்து நின்று பேசினால், சின்னவன் அதைச் சாதாரணதரப் பரீட்சை வரைக்கும் மறக்க மாட்டான்.

பெண் பிள்ளைகளையும் மறந்து விடாதீர்கள். நாங்கள் சொன்ன உதாரணங்கள் எல்லாம் ஆண் பிள்ளைகளைப் பற்றியவை. வாக்குக் கொடுத்துக் காப்பாற்றவும், தோற்றால் தாங்கவும், அடுத்தவருக்குத் தோள் கொடுக்கவும் பழகுவது அவர்களுக்கும் வேண்டும். வலைப்பந்தோ கரப்பந்தோ, அவர்களுக்கும் ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

இந்த விஷயங்களை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு டிவிசனும் கலந்து பேசி, தங்கள் பிள்ளைகளின் அணிக்கு என்ன விதி வைப்பது என்று தாங்களே முடிவெடுத்து எழுதித் தரும்படி கேட்டுக் கொள்கிறோம். மேலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்த விதியைவிட நீங்களே பேசி வைத்த விதி நிலைக்கும்.