பின் பிரேக்கும் நம் குடும்பமும்

(பேராக், ஈப்போ வட்டாரத் தோட்டமொன்றின் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேச மேடை ஏறும் நாம், இன்று மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும் வெளியே நிற்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்கு வருவது அதில். பிள்ளையைப் பள்ளியில் விடுவது அதில். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் தொழிற்சாலைக்குப் போவதும் அதில்தான்.

ஜப்பானில் 1958இல் ஹோண்டா 'சூப்பர் கப்' வெளிவந்தது. பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் விற்றார். 'கப்' என்ற பெயருடன் சீனர்கள் 'சாய்' சேர்க்க, நமக்கெல்லாம் அது 'கப்சாய்' ஆயிற்று. லயத்துக்காரனுக்கு ஈப்போ பட்டணத்தைப் பக்கத்தில் கொண்டு வந்தது அந்தக் கப்சாய். ஆனால், இந்நாட்டுச் சாலைகளில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை மறக்கலாகாது.

ஊருக்குப் புத்தி சொல்லும் நாமே ஒருமுறை விழுந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொய்ந்த செயினை நம் கையாலேயே இறுக்கினோம். பிரேக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. மறுநாள் மழை. செம்மண் சடக்கின் இறக்கத்தில் மிதியை இலேசாகத் தொட்டோம். பின் சக்கரம் அப்படியே கட்டிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம், நாம் கால்வாயில், செக்ரோல் புத்தகம் சேற்றில். முழங்கால் காயம் ஆற மூன்று வாரம். பின்னால் மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்திருந்தால்? அதை இன்றும் நினைக்கவே நடுங்குகிறோம்.

காரணம் யாதெனில், செயினை இறுக்கும்போது பின் சக்கரம் பின்னுக்கு நகர்கிறது. பிரேக் மிதியையும் சக்கரத்தையும் இணைப்பது ஒரே நீளமுள்ள கம்பி. சக்கரம் நகர்ந்தால் கம்பி இழுபடும். இருந்த தளர்ச்சி போய்விடும். செக்ரோலில் ஒருவர் பேரைத் திருத்திவிட்டு அடியிலுள்ள மொத்தத்தைத் திருத்தாமல் விடுவது போன்ற பிழை இது. ஆகவே முதலில் செயின், பிறகு பிரேக், இதுவே முறை.

நிற்க. செய்யும் வகையைச் சொல்கிறோம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வையுங்கள். செயினைப் பார்த்துச் சரிசெய்து, அச்சு நட்டை நன்றாக முடுக்கிவிடுங்கள். இனி, பிரேக் மிதியின் நுனியைக் கையால் அழுத்துங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் மிதி 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை சும்மா இறங்க வேண்டும். கப்சாய் வகைகளுக்கு இதுவே பொதுவான அளவு.

கூடக் குறைய இருந்தால், கம்பியின் பின் நுனியிலுள்ள நட்டைத் திருப்புங்கள். பின்னாலிருந்து பார்த்து வலம் திருப்பினால் தளர்ச்சி குறையும். இடம் திருப்பினால் கூடும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை சோதியுங்கள். நட்டின் குழிவு, பிரேக் கையிலுள்ள முளையில் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். உரசினால் இறுக்கம் அதிகம். டிரம் சூடேறும், பிரேக் வலுவிழக்கும்.

மிதியை முழுக்க மிதித்துப் பிடிக்கும்போது பிரேக் கையிலுள்ள அம்புக்குறி, தட்டிலுள்ள குறியைத் தொட்டுவிட்டால், இனி நட்டைத் திருப்பிப் பயனில்லை. பிரேக் சூ தேய்ந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். டிரம்மிலுள்ள தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் கல்நார் உண்டு, அது நெஞ்சுக்குக் கேடு.

கடைசியாகப் பின் விளக்கு. பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே அது எரிய வேண்டும். இல்லையேல் சுவிட்சின் உடலைப் பிடித்துக்கொண்டு, அதன் நட்டை மட்டும் திருப்புங்கள். மிதியின் அடியில் செம்மண் அப்பி, மிதி மேலே திரும்பாமல் நின்றால் விளக்கு எந்நேரமும் எரியும். நாம் நிற்கப்போவது பின்னால் வரும் லோரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள புதிய வண்டிகளுக்கு இந்த நட்டு வேலை பொருந்தாது. அவற்றைப் பட்டறையில் காட்டுங்கள்.

இன்னுமொன்று. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்குச் சொக்சோ உதவித் தொகை கோரலாம். சொந்தக் காரியமாக வழி மாறிப் போயிருந்தால் அந்த உரிமை கேள்விக்குள்ளாகும். விழுந்தவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். போலீஸ் புகாரும் மருத்துவச் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். உடனே ஆபீசில் தெரிவியுங்கள். ஆனால் தோழர்களே, உதவித் தொகை கால் ஊனத்துக்குக் கைத்தடி ஆகுமே தவிர, காலாகாது.

இறக்கத்துச் சடக்கைச் செப்பனிடும்படி நிர்வாகத்தைக் கேட்பது சங்கத்தின் வேலை. அதை விடாமல் கேட்போம். நட்டைத் திருப்புவது நம் ஒவ்வொருவரின் வேலை. கூட்டம் முடிந்ததும் யாரும் ஓடிவிடாதீர்கள். ஸ்பேனர் கொண்டு வந்திருக்கிறோம். முதலில் நம் வண்டியைச் சோதித்துக் காட்டுகிறோம். பிறகு ஒருவர் வண்டியை மற்றவர் பார்ப்போம்.